பிக்சர் டியூப் டிவி: திரையைப் பார்த்தே கோளாறைப் பிடிக்கும் வழி

பழைய டிவியில் படம் மங்கினாலும் சரி, நிறம் மாறினாலும் சரி, "டியூப் போயிடுச்சு" என்று சொல்லி ஓரங்கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான நேரம் டியூப் போயிருக்காது. அதைச் சுற்றியுள்ள சாக்கெட், ஒரு ரெசிஸ்டர், காய்ந்துபோன கெப்பாசிட்டர், விரிசல் விட்ட சால்டர் என்று ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். டிவிக்கான புது பிக்சர் டியூப் இனி கடையில் கிடைக்காது. காசியாபாத்தில் சாம்டெல், மொகாலியில் ஜேசிடி என்று நம் நாட்டில் டியூப் செய்த ஆலைகளும் அந்த வேலையை எப்போதோ நிறுத்திவிட்டன. அதனால் டியூபைக் குற்றம் சொல்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகுதான் அதன் மேல் சந்தேகம் போக வேண்டும்.

இங்கே சொல்வது 14, 21 அங்குல வண்ண டிவிகளுக்கானது. 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டிகளுக்கும் பொருந்தும். பழைய வீடியோ கேம் விளையாடுவதற்காக இப்போது தேடி வாங்கப்படும் பெட்டிகளுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறக்கும் முன்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இரண்டு இடங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒன்று, பவர் சப்ளையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர். 230 வோல்ட் ஏசி அதில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசியாக நிற்கும். ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் கால்களில் சில விநாடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்ய வேண்டாம்.

இன்னொன்று டியூபேதான். அதன் புனல் போன்ற பின்பகுதிக்கு உள்ளேயும் வெளியேயும் கிராஃபைட் பூச்சு இருக்கிறது. நடுவில் கண்ணாடி. இரண்டு கடத்திகள், இடையில் ஒரு காப்புப் பொருள் என்றால் அது ஒரு கெப்பாசிட்டர்தானே? 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறிய மின்னேற்றம் அங்கே பல மணி நேரம்கூட நிற்கலாம். நல்ல காப்புக் கைப்பிடி உள்ள நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அதன் இரும்புத் தண்டில் ஒரு ஒயரைக் கட்டி, ஒயரின் மறுமுனையை டியூபின் வெளிப்பூச்சைத் தொட்டுக்கொண்டு ஓடும் பின்னல் கம்பியில் கிளிப் போடுங்கள். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் முனையை, டியூபின் புனல் பகுதியில் ஒட்டியிருக்கும் சிவப்பு ரப்பர் மூடிக்குள் (ஆனோடு என்பது இந்த இடம்தான்) நுழைத்து உள்ளே இருக்கும் கொக்கியைத் தொடுங்கள். "டப்" என்று ஒரு சத்தம் வரும், வராமலும் போகும். ஐந்து, பத்து நிமிடம் கழித்து இதையே மறுபடி செய்யுங்கள். கண்ணாடிக்குள் ஊறிய மின்னேற்றம் மெல்லத் திரும்பி வரும் என்பதால் ஒரு தடவை போதாது. ஒயரைப் பின்னல் கம்பியில் போடாமல் சேஸிஸில் போட்டால் அந்த வேகம் ஐசிக்கள் வழியாகப் போய் போர்டையே காலி செய்துவிடலாம்.

டியூபின் கழுத்து மிக மெல்லிய கண்ணாடி. அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் மேல் எதுவும் சாயவும் கூடாது. பவர் சப்ளையின் முதல் பகுதி நேரடியாக மெயின்ஸோடு தொடர்புள்ளது என்பதையும் மறக்க வேண்டாம். கீழே சில சோதனைகளுக்கு செட்டை ஆன் செய்து அளக்க வேண்டியிருக்கும். அதில் பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் படிகளைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். செட் ஆஃப் நிலையில் செய்யும் சோதனைகளே பாதிக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

டியூபுக்குள் நடப்பது

கோளாறுக்கான அறிகுறி எங்கிருந்து வருகிறது என்று புரிய இந்த ஒரு பகுதி தேவைப்படும், தாண்டிவிடாதீர்கள்.

கழுத்தின் பின்முனையில் டங்ஸ்டன் கம்பியால் ஆன ஹீட்டர் இருக்கிறது. மின்சாரம் ஒழுகாமல் இருக்க அதன் மேல் அலுமினா பூசியிருப்பார்கள். 6.3 வோல்ட்டில் அது ஆரஞ்சு நிறத்தில் கனல்கிறது. அதை மூடியிருக்கும் சிறு நிக்கல் குழாய்தான் கேத்தோடு. அதன் நெற்றியில் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகளின் வெண்ணிறப் பூச்சு உண்டு. சுமார் 800 டிகிரி செல்சியஸில் இந்தப் பூச்சு எலக்ட்ரான்களை வெளியே விடுகிறது. வெறும் உலோகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க இதைவிட மிக அதிகச் சூடு வேண்டியிருக்கும். ஆக்சைடு பூசினால் குறைந்த சூடே போதும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வேனெல்ட் கண்டுபிடித்தார். 1897இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் செய்த முதல் குழாயில் ஹீட்டரே கிடையாது, குளிர்ந்த கேத்தோடுதான். அன்றாடம் வீட்டில் ஓடும் ஒரு பொருளாக இது மாறியதற்கு அந்த வெண்பூச்சுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

வண்ண டியூபில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி கேத்தோடு. அவற்றுக்கு முன்னால் ஓட்டையுள்ள உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். முதல் கிரிட், அடுத்து ஸ்க்ரீன் எனப்படும் இரண்டாம் கிரிட், பிறகு ஃபோகஸ். ஸ்க்ரீனுக்குச் சில நூறு வோல்ட், ஃபோகஸுக்குச் சில ஆயிரம் வோல்ட், கடைசியாக ஆனோடுக்கு 20,000 முதல் 25,000 வோல்ட் வரை. 25,000 வோல்ட்டில் எலக்ட்ரான் விநாடிக்கு ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, ஒளியின் வேகத்தில் முப்பது சதவீதம். கழுத்தைச் சுற்றியுள்ள யோக் என்னும் செம்புச் சுருள் அந்தக் கற்றையை வளைக்கிறது. இடம் வலமாக விநாடிக்கு 15,625 முறை, மேலிருந்து கீழாக 50 முறை.

திரைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு பின்னால், லட்சக்கணக்கான துளைகளோடு ஒரு மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறது. அதைத்தான் மாஸ்க் என்கிறோம். ஒவ்வொரு கற்றையும் தன் நிறப் புள்ளியை மட்டும் தொடும்படி அது மறைக்கிறது. வரும் எலக்ட்ரான்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தத் தகட்டிலேயே மோதி வீணாகிறது. மீதிதான் நாம் பார்க்கும் படம். திரையின் உட்புறத்தில் நீலத்துக்கு வெள்ளி கலந்த துத்தநாக சல்ஃபைடு, பச்சைக்குச் செம்பும் அலுமினியமும் கலந்த அதே துத்தநாக சல்ஃபைடு, சிவப்புக்கு யூரோப்பியம் கலந்த யிட்ரியம் சேர்மம். 1960களின் நடுவில் யூரோப்பியம் வரும் வரைக்கும் டிவியில் சிவப்பு எப்போதும் மங்கல்தான். பாஸ்பர் எனப்படும் இந்தப் பொடிகளின் பின்னால் மிக மெல்லிய அலுமினியப் படலம் ஒட்டியிருக்கும். பின்பக்கம் போகும் வெளிச்சத்தை அது முன்னால் திருப்பிவிடுகிறது.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

சத்தம் வருகிறது, திரை மட்டும் இருட்டு

அறையை இருட்டாக்கிவிட்டு, பின்மூடியைக் கழற்றி, கழுத்துக்குள் பாருங்கள். ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதா?

தெரியவில்லை என்றால், செட்டை ஆஃப் செய்து, ஆனோடை டிஸ்சார்ஜ் செய்து, கழுத்தின் பின்னால் மாட்டியுள்ள பேஸ் போர்டை மெல்ல நேராக இழுத்துக் கழற்றுங்கள். ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு இடையே மல்டிமீட்டர் சில ஓம் காட்ட வேண்டும். காட்டினால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. ஹீட்டருக்கு மின்சாரம், உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரான எல்ஓடியிலிருந்து ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாக வரும். அந்த ரெசிஸ்டரையும், பேஸ் போர்டில் ஹீட்டர் பின் சால்டரையும் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது டிரை சால்டர், மறுபடி சால்டர் வைத்தால் போதும். ஹீட்டர் அறுந்திருந்தால் மட்டுமே அந்த டியூபின் கதை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. செட் ஓடும்போது ஹீட்டர் வோல்ட்டேஜைச் சாதாரண மீட்டரில் அளந்தால் 6.3 காட்டாது, பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அது 50 ஹெர்ட்ஸ் ஏசி இல்லை, 15,625 ஹெர்ட்ஸில் வரும் துடிப்பு. அந்த எண்ணை நம்பி எதையும் மாற்ற வேண்டாம்.

ஹீட்டர் கனல்கிறது, ஆனாலும் இருட்டு என்றால் அடுத்தது உயர் மின்னழுத்தம். ஆன் செய்ததும் திரையில் மெல்லிய சடசடப்பு கேட்டு, புறங்கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்த்தால் அது இருக்கிறது. அப்படியானால் எல்ஓடியில் உள்ள ஸ்க்ரீன் கண்ட்ரோலின் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். சாம்பல் வெளிச்சமும் சாய்ந்த மெல்லிய கோடுகளும் தெரிந்தால் டியூப் உயிரோடு இருக்கிறது, கோளாறு படம் தரும் போர்டில். கண்ட்ரோலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். எதுவுமே தெரியாவிட்டால் பேஸ் போர்டில் ஸ்க்ரீன் பின்னுக்கு வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்குள்ள சிறிய செராமிக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி அதை முழுவதும் விழுங்குவது உண்டு.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பிந்தைய செட்கள் பலவற்றில், ஆன் செய்ததும் மூன்று கேத்தோடுகளிலிருந்தும் சிறு மின்னோட்டம் வருகிறதா என்று ஐசி சோதிக்கும். வரும் வரைக்கும் படத்தைத் திறக்காது. ஒரு கேத்தோடு களைத்துப்போயிருந்தாலும் திரை இருட்டாகவே நிற்கும், இல்லையென்றால் பல நிமிடம் கழித்துத் திடீரென்று படம் வரும்.

குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு

முதல் வேலை, பிரைட்னெஸைக் குறைப்பது அல்லது செட்டை அணைப்பது. முழுத் திரைக்கும் பரவ வேண்டிய ஆற்றல் ஒரே கோட்டில் விழுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் பாஸ்பர் கருகிவிடும். அந்தத் தழும்பு பிறகு மறையவே மறையாது.

இது டியூப் கோளாறே இல்லை. மேல் கீழாக இழுக்கும் வெர்டிகல் பகுதி நின்றுவிட்டது, அவ்வளவுதான். வெர்டிகல் ஐசியின் கால்களில் டிரை சால்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாகும் ஐசி என்பதால் பாதிக் கோளாறு அங்கேதான். அடுத்து அதற்கு வரும் சப்ளை, வழியில் இருக்கும் ஃபியூசிபிள் ரெசிஸ்டர், யோக் கனெக்டர். யோக்கின் வெர்டிகல் சுருள் பொதுவாகப் பத்து ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டும். கோடு இல்லாமல், படம் வந்து மேல்பகுதி மட்டும் மடிந்தோ வெண்கோடுகளோடோ தெரிந்தால், ஐசியின் பக்கத்தில் உள்ள சிறிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள். வெப்பத்தில் காய்ந்துவிடும் ரகம் அவை.

கோடு குறுக்கே இல்லாமல் மேலிருந்து கீழாக நின்றால், யோக்கின் ஹாரிசாண்டல் சுருளுக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது. கனெக்டர் கருகியிருக்கும், அல்லது அதோடு தொடராக உள்ள கெப்பாசிட்டரில் சால்டர் விட்டிருக்கும்.

திரை முழுவதும் ஒரே நிறம், மேலே சாய்ந்த கோடுகள்

திரை திடீரென்று முழுச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ பளீரென்று எரிகிறது. படம் அதற்குள் லேசாகத் தெரியலாம். சில செட்கள் அந்தச் சுமை தாங்காமல் தானே அணைந்துவிடும்.

கேத்தோடின் வோல்ட்டேஜ் குறையக் குறைய வெளிச்சம் கூடும், டியூப் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு நிறம் முழு வேகத்தில் எரிகிறது என்றால் அந்தக் கேத்தோடு ஏதோ ஒரு வழியில் கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. வழி இரண்டு. பேஸ் போர்டில் அந்த நிறத்தின் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது டியூபுக்குள்ளேயே ஹீட்டரின் அலுமினாப் பூச்சு உதிர்ந்து ஹீட்டரும் கேத்தோடும் ஒட்டியிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய, ஆஃப் நிலையில் பேஸ் போர்டைக் கழற்றி, டியூபின் ஹீட்டர் பின்னுக்கும் அந்தக் கேத்தோடு பின்னுக்கும் இடையே ஓம் அளக்கலாம். தொடர்பு காட்டினால் உள்ளே ஷார்ட். காட்டாவிட்டால் மட்டும் டியூபை விடுதலை செய்துவிடக் கூடாது, ஏனென்றால் இந்த ஷார்ட் சூடான பிறகே வருவது சகஜம். உறுதியான சோதனை, செட் ஓடும்போது மூன்று கேத்தோடு வோல்ட்டேஜையும் அளப்பது. இரண்டு 100 வோல்ட்டுக்கு மேல் நிற்க, ஒன்று மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது ஆஃப் செய்து, பேஸ் போர்டைக் கழுத்திலிருந்து எடுத்து, எதிலும் படாமல் நிறுத்தி, மறுபடி ஆன் செய்து போர்டில் அதே இடத்தை அளங்கள். வோல்ட்டேஜ் ஏறிவிட்டால் குற்றம் டியூபில். அப்படியே கிடந்தால் ட்ரான்சிஸ்டரில். இந்தச் சோதனையின்போது பின்னல் கம்பியின் கிரவுண்ட் தொடர்பு கழன்றிருக்கக் கூடாது. கற்றை ஓடாததால் ஆனோடு மின்னேற்றம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நிற்கும், அதனால் முடித்ததும் கட்டாயம் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

ட்ரான்சிஸ்டர் என்றால் மாற்றிவிட்டு வேலையை முடிக்கலாம். ஹீட்டர் ஷார்ட் என்றாலும் டியூபைத் தூக்கிப் போட வேண்டாம். ஹீட்டர் மின்சாரத்தின் ஒரு முனை கிரவுண்டோடு இணைந்திருப்பதால்தான் கேத்தோடு கீழே இழுக்கப்படுகிறது. அந்த இணைப்பை வெட்டிவிட்டு, எல்ஓடியின் வெளியே தெரியும் ஃபெரைட் கோர் மேல் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரை இரண்டு மூன்று சுற்று சுற்றி, அந்தத் தனிச் சுருளிலிருந்தே ஹீட்டருக்குக் கொடுங்கள். இனி ஹீட்டர் கேத்தோடோடு சேர்ந்து மிதக்கும், ஷார்ட் இருந்தும் தொல்லை இல்லை. ஒரு சுற்றில் தொடங்கி, மற்றொரு நல்ல டியூபின் கனலோடு ஒப்பிட்டுக்கொண்டே ஏற்றுங்கள். அளவுக்கு மீறி வெள்ளையாகக் கனலக் கூடாது. அந்த ஒரு நிறத்தில் மட்டும் ஓரங்கள் லேசாக இழுபடும். அதைப் பொறுத்துக்கொண்டால் செட் இன்னும் சில வருடம் ஓடும். சுற்றுவட்டாரத்துப் பழைய மெக்கானிக்குகள் இதைச் சர்வசாதாரணமாகச் செய்வார்கள். எனக்குத் தெரிந்து ரிப்பேர் வேலையில் இதைவிட அழகான உபாயம் குறைவு.

ஒரே நிறமாக இல்லாமல், கோடுகளோடு முழு வெள்ளையாகப் பளீரிட்டால், மூன்று அவுட்புட்டுக்கும் பொதுவான 180 வோல்ட் சப்ளை விழுந்துவிட்டது என்று பொருள். அதன் ரெசிஸ்டரையும் 250 வோல்ட் கெப்பாசிட்டரையும் பாருங்கள்.

மங்கலான படம், வெளிச்சம் வர நேரமாகிறது

இதுதான் உண்மையான வயோதிகம். ஆன் செய்து பத்து நிமிடம் ஆனாலும் படம் சேறாகவே இருக்கிறது. பிரைட்னெஸை ஏற்றினால் வெள்ளைப் பகுதிகள் வெளுக்காமல் வெள்ளிபோல் பளபளக்கின்றன, முகங்களின் விவரம் வழிந்துபோகிறது. ஒரு நிறம் மட்டும் களைத்திருந்தால் படம் முழுவதும் எதிர்நிறம் ஏறும். சிவப்பு குறைந்தால் படம் நீலப்பச்சையாகத் தெரியும்.

காரணம் கேத்தோடின் வேதியியல். எலக்ட்ரானை எளிதில் விடுவது பூச்சின் மேற்பரப்பில் இருக்கும் தனிப் பேரியம். நிக்கலில் சேர்த்திருக்கும் நுண்ணளவு மக்னீசியம் போன்றவை பேரியம் ஆக்சைடோடு வினைபுரிந்து அதை உருவாக்கிக்கொண்டே இருக்கும். ஆவியாகிப் போவதை அப்படித்தான் ஈடுகட்டுகிறது. வருடங்கள் ஓட அந்த ஊற்று வற்றுகிறது. டியூபுக்குள் எஞ்சியிருக்கும் வாயு மூலக்கூறுகளும் மேற்பரப்பைக் கெடுக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது ஹீட்டர் பாதையில் உள்ள ரெசிஸ்டரை அளப்பது. அதன் மதிப்பு ஏறியிருந்தால் ஹீட்டருக்குச் சூடு போதாது, நல்ல கேத்தோடும் கிழட்டு கேத்தோடுபோல நடந்துகொள்ளும். இதைப் பார்க்காமலே டியூப் வீக் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சாக்கெட்டின் ஹீட்டர் பின் களிம்பேறியிருந்தாலும் இதே கதைதான்.

அது சரியாக இருந்தால், ஹீட்டர் வோல்ட்டேஜை 7, 7.5 வரை சற்று ஏற்றிக் கொடுப்பது அடுத்த படி. பூஸ்டர் வைப்பது என்று சொல்வது இதைத்தான். மிதமாக ஏற்றினால் பல டியூபுகள் மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில்கூட நன்றாக ஓடும். அதுவும் போதாதபோது, ஹீட்டரை இன்னும் ஏற்றி, முதல் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே சிறிது நேரம் வலுக்கட்டாயமாக மின்னோட்டம் ஓட்டி, கெட்டுப்போன மேற்பரப்பை உரித்து எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கென்று கருவிகளும் உண்டு. அது சூதாட்டம். பூச்சு மெலிந்திருந்தால் மொத்தமாக உதிர்ந்து, கொஞ்சம் தெரிந்த படமும் போய்விடும். படம் ஓரளவு பார்க்கும்படி இருக்கும் டியூபில் இதைச் செய்யவே கூடாது என்பேன். வேறு வழியே இல்லாத டியூபுக்கு மட்டும் செய்யுங்கள்.

காலையில் தெளிவில்லை, போகப்போகத் தெளிகிறது

எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. வெளிச்சம் இருக்கிறது, நிறமும் இருக்கிறது, கூர்மை மட்டும் இல்லை. பத்து இருபது நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். மழைக்காலத்தில் மோசம், கோடையில் குறைவு. நாகப்பட்டினமோ தூத்துக்குடியோ சென்னைக் கடற்கரைப் பக்கமோ, உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் இது மிகச் சாதாரணம்.

குற்றவாளி, பேஸ் போர்டில் டியூபின் பின்கள் செருகும் சாக்கெட். ஃபோகஸ் பின்னுக்குச் சில ஆயிரம் வோல்ட் வருவதால், சாக்கெட்டுக்குள் அதற்குத் தனி அறையும், அதிக மின்னழுத்தம் வந்தால் தாவி வெளியேற ஒரு இடைவெளியும் வைத்திருப்பார்கள். அங்கே ஈரம் புகுந்து உலோகம் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஃபோகஸ் மின்னழுத்தம் அதன் வழியே கிரவுண்டுக்குக் கசியும். செட் சூடாகி ஈரம் உலர்ந்ததும் கசிவு நிற்கும், படம் தெளியும். கழற்றிய சாக்கெட்டின் பின்மூடியைத் திறந்து பார்த்தால் பச்சைக் களிம்பு கண்ணுக்கே தெரியும்.

சுத்தம் செய்வது சில வாரத்துக்குத்தான் தாங்கும். சாக்கெட்டையே மாற்றுங்கள். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். சன்னக் கழுத்து டியூபுக்கு 22.5 மில்லிமீட்டர், பெரிய கழுத்துக்கு 29 மில்லிமீட்டர் அளவு. பின்களின் வரிசையும் ஃபோகஸ் பின்னின் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

நடப்பது தலைகீழாக இருந்தால், அதாவது முதலில் தெளிவாக இருந்து சூடாகச் சூடாகக் கலங்கினால், எல்ஓடிக்குள் இருக்கும் ஃபோகஸ் கண்ட்ரோல் பழுதாகிறது. கண்ட்ரோலை ஒரு கோடிக்குத் திருப்பினால்தான் தெளிவு கிடைக்கிறது என்றாலும் அதேதான். எல்ஓடியை மாற்ற வேண்டும்.

மூலையில் ஊதாவும் பச்சையுமாகத் திட்டு

மாஸ்க் இரும்பு. இரும்பு காந்தமாகும். காந்தமான இடத்தில் கற்றை கொஞ்சம் விலகி, பச்சைக்கு வர வேண்டியது பக்கத்துப் புள்ளியில் போய் விழுகிறது. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்ததோ, குழந்தைகள் காந்தத்தைத் திரையில் உரசியதோ, பெட்டியின் திசையை மாற்றி வைத்ததோ போதும். பூமியின் காந்தப்புலமே இதைச் செய்யும்.

ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் "டூங்" என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இந்தக் காந்தத்தை நீக்கும் சுருள் வேலை செய்வது. முதலில் பலமாக ஓடி, மெல்ல மெல்லத் தேய்ந்து நிற்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் மாஸ்க்கைச் சமனாக்குகிறது. அதைத் தேய வைப்பது சூடானால் தடை ஏறும் ஒரு தெர்மிஸ்டர். அது ஆறினால்தான் மறுபடி வேலை செய்யும். அதனால் ரிமோட்டில் அடிக்கடி அணைத்துப் போடுவதில் பயனில்லை. மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் திட்டு போகவில்லை, "டூங்" சத்தமும் இல்லை என்றால் தெர்மிஸ்டரை மாற்றுங்கள். மலிவான பொருள், குலுக்கினால் உள்ளே உடைந்து கலகலப்பது கேட்கும்.

ஆழமாகக் காந்தமேறியிருந்தால் மெக்கானிக்கிடம் கையில் பிடிக்கும் வட்டச் சுருள் இருக்கும். திரைமுன் சுழற்றி, சுழற்றிக்கொண்டே இரண்டு மீட்டர் பின்வாங்கி, அங்கே போய்தான் அணைக்க வேண்டும். திரைக்கு அருகில் அணைத்தால் முன்பைவிட மோசமாகும்.

இது எதற்கும் அசையாத திட்டு ஒன்றும் உண்டு. பெட்டி கீழே விழுந்து மாஸ்க்கே நெளிந்திருந்தால் எந்தச் சுருளும் உதவாது. பிரகாசமான காட்சி நீண்ட நேரம் ஓடும்போது மட்டும் வந்து, பிரைட்னெஸைக் குறைத்தால் மறையும் திட்டு வேறு வகை. எலக்ட்ரான் மோதலில் சூடேறி மாஸ்க் உப்புவதால் வருவது அது. இதைத் தவிர்க்கத்தான் நல்ல டியூபுகளில் 36 சதவீதம் நிக்கல் கலந்த இன்வார் என்னும் இரும்பைப் பயன்படுத்தினார்கள். சூட்டில் அது மிகக் குறைவாகவே விரியும்.

1968இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரான் வகையில் துளைத் தகட்டுக்குப் பதிலாக நெடுக்குக் கம்பிகள். அவை அதிராமல் பிடிக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ மெல்லிய கம்பி ஓடும். வெள்ளைத் திரையில் தெரியும் அந்த நூலிழை நிழல் கோளாறில்லை. அதைச் சரிசெய்கிறேன் என்று யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீறல், நீலப் பொறி, ஒரு மாதிரியான வாசனை

உயர் மின்னழுத்தம் காற்றில் கசியும்போது வரும் ஓசோன் வாசனை அது. உடனே அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, ஆனோடின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தூசியும் ஈரமும் படிந்திருந்தால் கண்ணாடியையும் மூடியையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பொறி எல்ஓடியின் உடலிலிருந்து வந்தால் அதில் ஊசிமுனை விரிசல் விழுந்திருக்கிறது. மேலே பசை பூசுவது நிற்காது. பொறி கழுத்துப் பக்கமாக இங்கும் அங்கும் தாவினால், வெளிப்பூச்சைத் தொடும் பின்னல் கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

கழுத்துக்குள் ஊதா ஒளி

ஆரஞ்சுக் கனலுக்குப் பதிலாக, கேத்தோடுகளும் கிரிட்களும் இருக்கும் துப்பாக்கிப் பகுதி முழுவதும் ஊதாவாக நிரம்பி ஒளிர்ந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. இன்னொரு அடையாளம், டியூபுக்குள் கண்ணாடியில் கண்ணாடிபோலப் பளபளக்கும் வெள்ளி நிறத் திட்டு. எஞ்சிய வாயுவை உறிஞ்ச ஆலையிலேயே படிய வைத்த பேரியம் அது. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் வெற்றிடம் போய்விட்டது. இதற்கு மருந்தே இல்லை. இங்கே மட்டும் "டியூப் போயிடுச்சு" என்பது சரி.

அப்படிப்பட்ட டியூபை என்ன செய்வது

பழைய இரும்புக் கடையில் போட்டால், யோக்கின் செம்புக்காகக் கழுத்தை உடைப்பார்கள். அதைத் தவிர்க்க வேண்டும். புனல் கண்ணாடியில் எக்ஸ்ரே கசியாமல் தடுக்க ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. முன் கண்ணாடியில் அதே வேலையைப் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் செய்கின்றன, ஈயம் அதிகமிருந்தால் எலக்ட்ரான் மோதலில் கண்ணாடி பழுப்பாகிவிடும் என்பதால். இரண்டையும் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறக் கண்ணாடிப் பசையிலோ பெரும்பகுதி ஈயம்தான். குப்பை மேட்டில் உடைந்து கிடந்தால் அது மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

யோக் தேவைப்பட்டால் அதன் கிளாம்ப் திருகைத் தளர்த்தி, ரப்பர் ஆப்புகளை எடுத்தால் பின்பக்கமாக முழுதாகவே கழன்று வரும். பேஸ் போர்டு, எல்ஓடி, காந்தத்தை நீக்கும் சுருள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், இன்னொரு செட்டைக் காப்பாற்றும். டியூபை முகம் கீழே இருக்கும்படி தடித்த துணியில் வைத்து, அட்டைப் பெட்டிக்குள் அடக்கி, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் முழுதாக ஒப்படையுங்கள். தவறி உடைந்துவிட்டால் உள்ளிருக்கும் பாஸ்பர் பொடி மூக்கில் ஏறக் கூடாது. விளக்குமாற்றால் கூட்டாமல், ஃபேனை அணைத்து, ஜன்னலைத் திறந்து, தடித்த கையுறையோடு துண்டுகளைப் பொறுக்கி, மீதியை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுங்கள்.